மோர்ப் பந்தல் வாதம்

சீடன் தாண்டவன் வாயைத் திறந்தால் உள்ளேயிருந்து யார் பேசுவார்கள் என்று மடத்தில் ஒருவருக்கும் தெரியாது. சமையல்காரர் திட்டுவார். பசு கன்றைக் கூப்பிடும். குரு சிற்றம்பல அடிகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆசி வழங்குவார். அசல் அடிகளே ஒருமுறை அந்த ஆசிக்குத் தலைகுனிந்துவிட்டு, அப்புறம்தான் விழித்துக்கொண்டார்.

தேருக்குப் பத்து நாள் இருக்கையில் ஊர்த்தலைவர் வேங்கடபதி வந்து நின்றார். பள்ளிவாசல் தெருக்காரர்கள் வருஷாவருஷம் தேரடியில் வைக்கும் மோர்ப் பந்தல் அவர் கண்ணை உறுத்தியது.

"ஒரே மண்ணு, ஒரே சாமி. இனிமே மோரும் நம்ம மோர்தான். தேரன்னிக்கு அவங்க நெய்னா ஆலிமோட, சாமிக்கு உருவம் உண்டா இல்லையான்னு வாதம். வாதம் முடிஞ்சு அவர் தோத்தா பந்தலைப் பிரிச்சுடலாம்னு பஞ்சாயத்துல தீர்மானம். தாண்டவனை அனுப்புங்க சாமி."

தாண்டவனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பந்தலில் ஐந்து சொம்பு குடிப்பவன் என்பதுகூட மறந்துபோனது.

"ஒரே அடியில சாய்க்கிற மாதிரி ஒண்ணு சொல்லிக் குடுங்க சாமி!"

"ஆலிம் என்ன சொல்வார்? சொல்லிக் காட்டு."

தாண்டவன் தாடியை நீவுவதுபோல் கையை இறக்கினான். இரண்டு முறை இருமினான். "உருவமா? ச்சீ! தூக்கிப் போடு!"

அடிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இருமல் பிரமாதம். ஆளைத்தான் காணோம். நம்ம மடத்து வழக்கம் என்ன?"

"எதிராளி பக்கத்தை முதல்ல நாம சொல்லணும். 'இதைத்தான் சொல்றேன்'னு அவரே தலையாட்டணும். அப்புறம்தான் மறுக்கணும்."

"தலையாட்ட வெச்சுட்டு வா."

தாண்டவன் ஆலிம் வீட்டுக்குப் போய், அவர் முன்னாலேயே இருமிக் காட்டினான். ஆலிமுக்குச் சிரித்துச் சிரித்து நிஜ இருமலே வந்துவிட்டது.

"இருமல் எனதுதான் தம்பி. 'ச்சீ' எனதில்லையே."

"பின்னே எப்படிச் சொல்வீங்க, ஆலிம்சா?"

"கோபத்துல சொல்றதில்லை. எந்த உருவமும் அவனுக்குப் போதாதேங்கற ஆசையில சொல்றேன்."

தாண்டவன் திருப்பிச் சொன்னான். ஆலிம் உதட்டைப் பிதுக்கினார். மறுநாளும் போனான். ஒன்பது நாள் உதட்டைப் பிதுக்கினார்.

தேரன்று மேடையில் தாண்டவன் எழுந்தான். இருமவில்லை. தாடியை நீவவில்லை. தன் சொந்தக் குரலில், மெதுவாக, ஆலிமின் பக்கத்தைச் சொன்னான். ஆலிம் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்.

"இப்ப அடி!" என்றார் வேங்கடபதி.

"எந்த உருவமும் போதாதுதான், ஆலிம்சா. குழந்தை கரிக்கட்டியால சுவத்துல அம்மாவை வரையுது. அது அம்மாவுக்குப் போதுமா? ஆனா எந்த அம்மாவாவது அதை உடனே அழிக்கிறாளா?"

ஆலிமுக்கு முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

"அடேயப்பா! இதுக்கு என்கிட்ட ஒரு பதில் இருக்கு. ஆனா உங்க பக்கத்தை நான் முதல்ல சரியா சொல்லணுமே. அடிகள்கிட்ட வந்து கத்துக்கணும். அடுத்த தேர் வரைக்கும் தவணை குடுங்க."

"அப்போ யாரு ஜெயிச்சது?" என்று வேங்கடபதி கத்தினார்.

"வாதம் முடியலையே தலைவரே," என்றார் அடிகள். "முடிஞ்சாத்தானே பந்தலைப் பிரிக்கணும்?"

கூட்டம் விசிலடித்தது. தேர் நகர்ந்தது. வேங்கடபதியும் வெயிலில் நா வறண்டு, பந்தலிலிருந்து யாரோ நீட்டிய சொம்பை வாங்கி வாயில் கவிழ்த்துக்கொண்டார்.

மூன்றாவது சொம்பில் தாண்டவனுக்குச் சந்தேகம் வந்தது.

"சாமி, அவர் சொல்றதுல எனக்கு இன்னும் சம்மதமில்லை. அவரும் நம்ம பக்கம் வரலை. நான் கோட்டை விட்டுட்டேன், இல்லையா?"

அடிகள் தாடியில் ஒழுகிய மோரைத் துடைத்துக்கொண்டார்.

"அவரும் நம்ம பக்கம் வந்துட்டா, அந்தப் பக்கத்துலேருந்து உனக்கு மோர் நீட்ட யாருடா இருப்பா?"