ஒரு ஆள் கேட்கவில்லை

"ஒரு ஆள் கேக்கலை, மதர்" என்றார் தஸ்நேவிஸ்.

எதிரே தொங்கிய கறுப்புத் துணியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"தவசு காலத்துக்குப் பேஸ்புக்கை விட்டேன். வாட்ஸாப் குரூப் அத்தனையும் விட்டேன். எங்கய்யா போனான் இவன்னு ஒரு ஆள் கேக்கலை."

அது ஊர்க்கோடியில் இருக்கும் கன்னியர் மடம். உள்ளே போன கன்னியர்கள் வெளியே வருவதில்லை. பேச வருகிறவர்கள் சின்ன அறையில் உட்கார்ந்து, கறுப்புத் துணி தொங்கும் மரச்சட்டத்தைப் பார்த்துப் பேச வேண்டும். குரல் மட்டும்தான் வரும். முகம் தெரியாது.

மனைவி இறந்த வருஷம் தஸ்நேவிஸ் முதல்முறை இங்கே வந்தார். அன்று துணிக்குப் பின்னால் இருந்த வயதான மதர், "அழுங்க. அவசரமில்லை" என்றார்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வருவார்; தவறியது அபூர்வம். மதர் ஒன்றிரண்டு வார்த்தைதான் பேசுவார். அதை ரோஜாப்பூப் படத்தில் எழுதி, மறுநாள் காலை தஸ்நேவிஸ் முகநூலில் போட்டுவிடுவார். கீழே தன் பெயரையும் போட்டுக்கொள்வார். லைக் நன்றாகவே விழும்.

குறை சொல்லிப் பயனில்லை. மகள் மஸ்கட்டில் இருந்தாள். வீட்டில் வேறு ஆள் கிடையாது. அந்த மனிதருக்கு அந்தப் போன்தான் சொந்தபந்தம்.

அதைத்தான் விட்டிருந்தார். சும்மாவும் விடவில்லை. நாற்பது நாள் தவசு காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றிச் சாம்பலோடு படம் எடுத்து, "உயிர்ப்பு ஞாயிறு வரை விடைபெறுகிறேன்" என்று போட்டுவிட்டுத்தான் விட்டார். துறவுக்கும் ஒரு தம்பட்டம் வேண்டியிருந்தது.

"விட்டுட்டு என்ன செஞ்சீங்க?" என்று குரல் கேட்டது.

"காத்துக்கிட்டு இருந்தேன்."

"எதுக்கு?"

"யாராவது வருவாங்க, போனாவது போடுவாங்கன்னு."

"வரலையா?"

"கேஸ்காரன் வந்தான், மதர். சிலிண்டரை வச்சிட்டுப் போயிட்டான்."

துணிக்குப் பின்னால் லேசாகச் சிரிப்புச் சத்தம் வந்தது. தஸ்நேவிஸ் சிரிக்கவில்லை.

"காலையில கண்ணு முழிச்சா கை போனைத் தேடுது. வீடு கெடக்குற கெடையில என் மூச்சே எனக்குக் கேக்குது. நாளைக்கு நான் செத்துக் கெடந்தாலும் நாத்தம் அடிச்சாத்தான் தெருவுக்குத் தெரியும்."

பையிலிருந்து போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் பேஸ்புக்கைத் திரும்ப ஏத்திரலாம்னு இருக்கேன். யார் யார் தேடியிருக்காங்கன்னு ஒரே ஒரு தடவை பாத்துக்கிடுதேன். நீங்க வேண்டாம்னா வேண்டாம்."

"யாருமே தேடியிருக்கலைன்னா?"

அந்தப் பயம்தான் தஸ்நேவிஸை இத்தனை நாளும் பேஸ்புக்கைத் திறக்கவிடாமல் வைத்திருந்தது. தவம் ஒன்றும் இல்லை.

"அப்ப நீங்க ஒருத்தர்தான் மதர் எனக்கு" என்றார். "நான் ஒரு வெள்ளிக்கிழமை வரலைன்னா நீங்களாவது தேடுவீங்கள்லா?"

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

"மதர் தேடத்தான் செஞ்சாங்க, ஐயா. போன ஐப்பசி மழையில நீங்க ஒரு வாரம் வரலை. வாசல்ல மணி அடிக்குதான்னு என்னை ரெண்டு மூணு தடவை அனுப்பிப் பாக்கச் சொன்னாங்க."

தஸ்நேவிஸ் நிமிர்ந்தார்.

"உங்களை அனுப்பினாங்களா? அப்ப நீங்க யாரு?"

"மதருக்கு ஒத்தாசையா இருந்த சிஸ்டர். மதர் இறந்துட்டாங்க, ஐயா. சாம்பல் புதனுக்கு மறுநாள்."

"போன வெள்ளிக்கிழமை நான் பேசினேனே."

"எங்கிட்டதான் பேசினீங்க."

"அதுக்கு முந்தின வாரம்?"

"அதுவும் எங்கிட்டதான். ஒவ்வொரு வாரமும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீங்க பேசிட்டே இருந்தீங்க."

தஸ்நேவிஸ் முன்னால் குனிந்து துணியை உற்றுப் பார்த்தார்.

"துக்கமணி அடிச்சோமே. உங்க வீட்டுக்குக் கேக்கலையா, ஐயா?"

"கேட்டுச்சு" என்றார் தஸ்நேவிஸ்.

யாருக்கு என்று அவர் விசாரிக்கவில்லை. அன்று ஜன்னலைச் சாத்திவிட்டு, தன்னை யாராவது கூப்பிடுவார்களா என்று போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் வெட்கம் வந்தது. காது சுட்டது. பிறகு துக்கம் வந்து வெட்கத்தை அடித்துக்கொண்டு போனது. மனைவி போனபோது அழுததுபோல் அழுதார். சிஸ்டர் அவசரப்படுத்தவில்லை.

"நான் இப்ப என்ன செய்யட்டும், சிஸ்டர்?"

"அவங்களுக்காக ஒரு செபம் சொல்லுங்க, ஐயா. நானும் சேந்துக்கிடுதேன்."

தஸ்நேவிஸ் வெறும் தரையில் முழந்தாளிட்டார். துணிக்கு அந்தப் பக்கமும் முழங்கால் தரையில் படும் சத்தம் கேட்டது.

சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். ஊரில் நூறு சாவு வீடுகளில் சொன்ன செபம்தான். தடங்கல் இல்லாமல் வந்தது.

"ஆண்டவரே, இவ்வுலகை விட்டு உம்மிடம் வந்த உம்முடைய அடியாளாகிய..."

இறந்தவரின் பெயரைச் சொல்லும் இடம். தஸ்நேவிஸ் அங்கேயே நின்றுவிட்டார்.

உள்ளே சிஸ்டர் காத்திருந்தார்.

"சிஸ்டர்" என்றார் அவர், தலை நிமிராமல். "மதரோட பேரு என்ன?"