தாழ்ப்பாள் இல்லாத கதவு

விளக்கணைத்த பிறகு அந்தச் சத்தம் வந்தது. கல் ஒன்று தரையைத் தேய்த்துக்கொண்டு நகரும். நிற்கும். மறுபடி நகரும்.

குடியை விட வந்தவர்கள் தங்கும் அந்த இல்லத்தில் சவரிமுத்து எழுந்து உட்கார்ந்தான். ஊருக்கெல்லாம் கதவு மாட்டுகிற தச்சன். மறுநாள் வீட்டுக்குப் போகவேண்டியவன்.

சத்தம் வந்த பக்கம் போனான். சமையலறையில் சிஸ்டர் லியோனி, இல்லத்தை நடத்துபவர், குனிந்து அம்மியைக் கதவை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்.

"என்ன சிஸ்டர், இந்நேரத்துல?"

"உங்க வீட்டுக்குப் போயிருந்தேன். இருட்டினதும் உங்க சம்சாரம் செசிலி, கதவுக்கு முட்டுக்கொடுக்க அம்மியை இப்படித்தான் தள்ளுறா. நீங்க இங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சும் தள்ளுறா. பிள்ளை தூளியில அழுதுட்டுக் கிடக்கு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சாமியார்கிட்டயும் உங்ககிட்டயும் எல்லாம் சொல்லிட்டேனே. அடிச்சது, அவ கையை ஒடிச்சது. ஒண்ணு விடல. எல்லாம் அந்தச் சனியன் செஞ்ச வேலை. அது உள்ளே போயிட்டா நான் நானா இருக்கிறதில்ல."

"உங்க வீட்டுக் கதவுல தாழ்ப்பாள் எங்க?"

அவன் அம்மியைப் பார்த்தான்.

"வெறியில உடைச்சீங்களா?"

"உடைக்கல."

"ஆமா. மரத்துல ஒரு கீறல்கூட இல்ல. நல்ல கைவேலை."



"கழட்டினேன். காலையில."

"குடிச்சிருந்தீங்களா?"

"இல்ல சிஸ்டர். பூசை பார்த்துட்டு வந்து கழட்டினேன். ராத்திரி நான் வந்தா பூட்டிக்கிறாளேன்னு."

"அப்போ அதைச் செஞ்சது எந்தச் சனியன்?"

அம்மி பாதி வழியில் கிடந்தது. விடியும்வரை அவன் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் சிஸ்டர் அவனுடன் வீட்டுக்குப் போனார். கருவிப்பெட்டியின் அடியில் பழைய தாழ்ப்பாள் இருந்தது. அவன் அதைத் தூக்கிப்போட்டிருக்கவில்லை. அம்மியை ஓரமாக நகர்த்திவிட்டு, பழைய துளைகளிலேயே திருகாணிகளை முறுக்கினான். செசிலி பிள்ளையை இறுக்கிக்கொண்டு சுவரோரம் நின்றாள். சுத்தியலை அவன் கையில் எடுத்தபோது ஓரடி பின்வாங்கினாள்.

"குடிக்காதப்பதான் இதைக் கழட்டினேன், செசிலி. நேத்து வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல."

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள். "நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

அவன் கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே வந்து நின்றான்.

"சிஸ்டர், என்னை உள்ளே விடுவாளா?"

"தாழ்ப்பாளை எந்தப் பக்கம் வச்சீங்க?"

"உள்பக்கம்."

"அப்புறம் என்கிட்ட ஏன் கேக்குறீங்க?"

கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.