வெல்லம் தின்ற யானையும் அரண்மனை வாடகையும்

வெகு காலத்துக்கு முன்னால் தாழையூர்ச் சீமையைப் பராக்கிரம பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, சாப்பிட்டு எழுந்தால் இன்னொரு புத்தி. ஒருநாள் பவனி போகும்போது பட்டத்து யானை குண்டுமணி ஒரு தெருவில் சும்மா நின்றது. "திருமகளே நிற்கச் சொல்லியிருக்கிறாள்" என்று ராஜா பூரித்துப்போய் அன்றைக்கே சட்டம் போட்டார். பவனியில் யானை எங்கே நிற்கிறதோ, அங்கே விலையும் வாடகையும் மும்மடங்காம்.

யானைக்கு என்ன தெரியும், பாவம். அதன் பாகன் மாடக்கண்ணுவுக்குத்தான் வயிறு எரிந்தது. அவன் குடியிருந்த வீட்டுக்காரர் தை பிறப்பதற்குள் காலி செய் என்று சொல்லிவிட்டார். மனைவி அன்னமுத்துவோ நிறைமாதம். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று இரண்டு பேரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்திருந்தார்கள். குயவர் தெருவில் ஒரு சின்ன வீடு பார்த்தார்கள். அடுத்த பவனியில் குண்டுமணி நேரே அங்கே போய் நின்றது. பூக்காரத் தெருவில் பார்த்தார்கள். அங்கேயும் போய் நின்றது. அங்குசம் காட்டினாலும் நகரவில்லை. தான் ஏறி உட்கார்ந்த யானையே தன் வீட்டு விலையை ஏற்றினால் மனுஷன் யாரிடம் போய் அழுவான்? ராஜாவிடமே போனான்.

"மகாராஜா, உங்களைச் சுமக்கிற யானையை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு ஊருக்குள் ஒரு வீடு வாங்க முடியவில்லை. பிள்ளை பிறந்தால் தொட்டில் கட்ட ஒரு உத்திரம் வேண்டும், சாமி."

நில அதிகாரி தனஞ்செயர் இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார். மந்திரி தெய்வசிகாமணியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. மந்திரி வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டார். "உழைக்கிறவனுக்கு வீடு கிடைக்காமலா போகும், மகாராஜா? இவன் வாயைப் பாருங்கள், எந்நேரமும் வெற்றிலை. அதை விட்டால் வீடு தானாக வரும்."

ராஜா தலையாட்டினார். அவர் வாயிலும் வெற்றிலைதான். "நான் இருபது வயசிலேயே அரண்மனை வைத்திருந்தேனே" என்றார்.

"தகப்பனார் விட்டுப்போனது, மகாராஜா" என்றார் மந்திரி, மெதுவாக.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "அப்படியா? வெற்றிலை காரணம் இல்லையென்றால் வேறு என்ன காரணம்? அடுத்த பவனிக்குள் காட்டும். இல்லாவிட்டால் உம் மாளிகை தனஞ்செயருக்கு. நீர் வாடகைக்கு வீடு தேடும்."

அந்த மாளிகையில் எந்தக் கூடத்தில் ஊஞ்சல் போடலாம் என்று தனஞ்செயர் அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

சபை கலைந்ததும் மந்திரி பாகன் வீட்டுக்குப் போனார். "வீடு பார்க்க யாரெல்லாம் போவீர்கள்?" என்று கேட்டார்.

"நாங்கள் இரண்டு பேரும் குண்டுமணியும்தான், ஐயா. அது என்னை விட்டு இருக்காது."

"நீ விலை பேசும்போது அது என்ன செய்யும்?"

அன்னமுத்து குறுக்கே சொன்னாள்: "பொறுமையாக நிற்கட்டுமென்று நான்தான் வெல்லம் கொடுப்பேன், ஐயா. பிள்ளைத்தாச்சிக்கென்று அம்மா கொடுத்துவிட்டது. வாயில்லா ஜீவனைப் பார்க்கவைத்து நான் மட்டும் எப்படித் தின்பது?"

"பின்னாலே வேறு யாராவது வருவதுண்டா?"

"தனஞ்செயர் ஐயா வீட்டுச் சமையல்காரர் வருவார். மறுநாளே ஐயா அதே தெருவில் நாலைந்து வீடு வாங்கிவிடுவார். எங்கள் ராசி அப்படி."

மந்திரி சிரித்துவிட்டார். "ராசி இல்லை, தாயி, வெல்லம். இனிமேல் வேறெங்கும் கொடுக்காதே. தினமும் அரண்மனை வாசலில் வைத்துக் கொடு."

பவனி நாள் வந்தது. மேளம் முழங்க வாசலைத் தாண்டிய குண்டுமணி இரண்டடி வைத்துவிட்டு அப்படியே நின்றது. தும்பிக்கையை நீட்டி எதையோ தேடியது.

"திருமகள் என் வீட்டுக்கே வந்துவிட்டாள்" என்றார் ராஜா, கண் கலங்க.

"வந்துவிட்டாள், மகாராஜா. ஆனால் வீடு உங்களுடையது இல்லையே" என்றார் மந்திரி. "அரண்மனை நிற்பது அம்மன் கோயில் நிலம். உங்கள் பாட்டனார் காலத்திலிருந்து கோயிலுக்கு வாடகை கட்டுகிறோம். இனி அது மும்மடங்கு. நில அதிகாரி அறிவிக்க வேண்டியதுதான் பாக்கி."

ராஜாவின் முகம் விழுந்துவிட்டது. "மும்மடங்கா? வருகிற வரி அதே வரிதானே? நான் எங்கே போவேன்?"

"வெற்றிலையைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், மகாராஜா."

கூட்டம் சிரித்தது. ராஜா மந்திரியை முறைத்துவிட்டுத் தனஞ்செயர் பக்கம் திரும்பினார். "என்ன, அறிவிக்கப் போகிறீரா?"

அறிவித்தால் ராஜாவின் கோபம். அறிவிக்காவிட்டால் வாங்கிப்போட்ட வீடுகளின் விலை போச்சு. தனஞ்செயருக்கு நாக்குக் குழறியது. "இது திருமகள் இல்லை, மகாராஜா. வெறும் வெல்லம். பாகன் பெண்டாட்டி எங்கே வெல்லம் கொடுக்கிறாளோ, யானை அங்கேதான் நிற்கும்."

"அது உமக்கு எப்படித் தெரியும்?"

தனஞ்செயர் கூட்டத்தில் தம் சமையல்காரரைத் தேடினார். அவர் அதற்கு முன்பே நழுவிவிட்டார். நடந்ததையெல்லாம் மந்திரிதான் எடுத்துச் சொன்னார்.

"ஒரு பிள்ளைத்தாச்சி தன் வாய்க்குப் போடாமல் கொடுத்த வெல்லம், என் சட்டத்தால் அவள் வீட்டையே பறித்துவிட்டதே" என்றார் ராஜா. சட்டம் அங்கேயே ரத்தானது. ஏறிய விலையெல்லாம் இறங்கியது. தனஞ்செயர் வாங்கிய வீடுகளை ராஜா பழைய விலைக்கே வீடில்லாதவர்களுக்கு விற்கச் சொன்னார். இனிமேல் ஒவ்வொரு பவனியிலும் யானைக்கு முன்னால் வெல்லக் கூடை சுமப்பது தனஞ்செயரின் வேலை.

"உமக்கு என்ன பரிசு வேண்டும்?" என்று மந்திரியைக் கேட்டார்.

"என் மாளிகை எனக்கே இருந்தால் போதும், மகாராஜா. இந்த ஊரில் வேறு வீடு தேட என்னால் ஆகாது."

மாசி மாதப் பவனி குயவர் தெரு வழியாக வந்தது. தனஞ்செயர் கூடையோடு முன்னே நடந்தும், குண்டுமணி பழைய பழக்கத்தில் அந்தச் சின்ன வீட்டு வாசலில் போய் நின்றது. உள்ளே உத்திரத்தில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அன்னமுத்து சாணித் தண்ணீர் வாளியோடு வெளியே வந்தாள். யானையைப் பார்த்தாள், அதன் மேலிருந்த புருஷனைப் பார்த்தாள், பின்னால் இருந்த ராஜாவையும் பார்த்தாள்.

"மகாராஜா, கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லுங்க. வாசல் தெளிக்கணும்."

காவலர்கள் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ராஜா கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார்.

"மாடக்கண்ணு, நகர்த்தப்பா" என்றார். "அது அவங்க வாசல்."