கருவாயனுக்குப் போட்ட வேலி

அரசர் செண்பகராயரைக் கண்டு நாட்டில் பயப்படாத ஒரே பிரஜை கருவாயன். அது அவருடைய வேட்டை நாய். அரண்மனைத் தோட்டத்துக்கு மதில் கிடையாது. வயல்களைப் பார்த்தபடி உலாவ அரசருக்குப் பிடிக்கும். கருவாயனுக்கோ அந்த வயல்களுக்கு அப்பால் இருந்த கோழிகளைப் பிடிக்கும். ஒரே வாரத்தில் பதினோரு கோழி காலி! ஊரே சபைக்கு வந்து முறையிட்டது.

"கட்டிப்போட்டால் பட்டினி கிடக்கிறானே, என்ன செய்வேன்?" என்று அரசர் கண்கலங்கினார்.

மந்திரி வல்லபருக்கு விதூஷகர் பொன்னப்பரைக் கண்டாலே ஆகாது. நல்ல சமயம் வாய்த்ததென்று எழுந்தார். "கயிறு வேண்டாம், மதில் வேண்டாம், காவலாளும் வேண்டாம். பொன்னப்பர் வெறும் சாமர்த்தியத்தாலேயே நாயை நிறுத்தட்டும். பதினைந்து நாளில் முடியாவிட்டால் இரண்டு பேரையும் காட்டுக்கு அனுப்பிவிடலாம்!"

அரசர் வேறு வழி தெரியாமல் தலையசைத்தார்.

பொன்னப்பர் தோட்டத்து நடுவே ஓடும் வாய்க்காலோரம் போய் உட்கார்ந்தார். தண்ணீரின் சலசலப்பு காதில் விழுந்தது. எழுந்து நடந்தார், ஓசை மெலிந்துகொண்டே போனது. சட்டென்று நின்றார். முகம் மலர்ந்தது.

மறுநாள் வாய்க்காலில் ஒரு நீர்ச்சக்கரம் சுழன்றது. அதில் சதங்கைகள் இடைவிடாமல் கலகலத்தன. ஓசை தேய்ந்துபோகும் இடங்களைப் பார்த்துப் பார்த்துச் சுற்றிலும் மஞ்சள் கொடிகள் நட்டார். பிறகு பழக்குவதற்கு மட்டும் கருவாயனைக் கயிற்றில் பிடித்து நடத்தினார். கொடியைத் தாண்டினால் முகத்தில் ஒரு கை குளிர்ந்த தண்ணீர். சதங்கை ஓசை நன்றாகக் கேட்கும் பக்கம் திரும்பினால் ஒரு துண்டு கறி, கூடவே ஒரு தட்டிக்கொடுப்பு. நாளுக்கு மூன்று வேளை இதே பாடம். பத்தாம் நாள் கொடிகளைப் பிடுங்கினார். அப்புறம் கயிற்றையும் அவிழ்த்தார்.

பதினைந்தாம் நாள் சபையும் ஊரும் தோட்டத்தில் கூடின. வல்லபர் ஒரு கூடையோடு வந்தார். வயலோரத்தில் அதைத் திறந்தார். இரண்டு கொழுத்த சேவல்கள்!

கருவாயன் அம்பாய்ப் பாய்ந்தது. பொன்னப்பர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஊர்க்காரர்கள் "ஆ!" என்றார்கள். கண்ணைத் திறந்தால், நாய் வெறும் புல்தரையில் காலை ஊன்றி நிற்கிறது! காதை இப்படியும் அப்படியும் திருப்பியது. சேவல்களை ஏக்கத்தோடு ஒருமுறை பார்த்தது. பிறகு வாலை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

"இங்கே வேலியே இல்லையே!" என்றார் அரசர்.

"இருக்கிறது அரசே, அவன் காதில். சதங்கை ஓசை எதுவரை எட்டுகிறதோ, அதுவரை அவன் வீடு. ஓசை தேய்ந்தால் திரும்பிவிட வேண்டும் என்று பழகிக்கொண்டான்."

வல்லபர் முகம் சிவந்து கத்தினார்: "ஏமாற்று வேலை! கண்ணுக்குத் தெரியாத எல்லையை யாராவது மதிப்பார்களா?"

பொன்னப்பர் பணிவாகக் கைகூப்பினார்.

"எல்லாரும் மதிப்பதில்லைதான், மந்திரியாரே. நாய் பத்து நாளில் கற்றுக்கொண்டது. தாங்கள் சபைக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது!"

அரசர் சிரித்த சிரிப்பில் சேவல்கள் இரண்டும் பறந்து வல்லபரின் தலைப்பாகையில் போய் உட்கார்ந்தன.