தடை கேட்டவன்

போர் முடிந்தது, ராஜா ஓடிப்போனார், கட்சி வந்தது. அதற்குப் பிறகு அந்த ஊரில் பொம்மைகூட அனுமதி வாங்கித்தான் வாயைத் திறக்க வேண்டும். பொம்மலாட்டம் எதுவானாலும் முதலில் தணிக்கை அதிகாரிக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். பிடிக்கவில்லையென்றால் கையைத் தூக்குவார். அதோடு திரை விழுந்துவிடும்.

செர்னிக் வாத்தியாரிடம் பொம்மலாட்டம் கற்றவர்கள் இரண்டு பேர், விதேக்கும் ரடோவனும். இரண்டு பேருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. விதேக்கின் நாடகங்கள் எல்லாமே தங்குதடையில்லாமல் தேறின. ரடோவனின் நாடகத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். வேலையும் போயிற்று. இப்போது ஆஸ்பத்திரிக் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறான்.

யார் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும், நீங்களே சொல்லுங்கள். அதுதான் இல்லை. வயிறு எரிந்தது விதேக்குக்கு.

எரியாமல் என்ன செய்யும்? ரொட்டிக்கடை அம்மாள் ரடோவனுக்கு அடுப்பிலிருந்து எடுத்த சூடான ரொட்டியைக் கொடுக்கிறாள். விதேக்குக்கு நேற்றையது. டிராமில் ரடோவன் ஏறினால் முன்பின் தெரியாதவன் எழுந்து இடம் கொடுக்கிறான். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வாத்தியார் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தூக்குப் பாத்திரத்தில் சூப் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகிறாரே, அதைத்தான் விதேக்கால் தாங்க முடியவில்லை.

"நானும் தடை வாங்குகிறேன் பார்!" என்று கிளம்பினான். புது நாடகத்தில் துணிந்து ஒரு வசனத்தைச் சேர்த்தான்: "நம் தலைவர் பேசப் பேச, உருளைக்கிழங்கு சிறுத்துக்கொண்டே போகிறது!"

பொம்மை அதைச் சொன்னபோது விதேக் திரை இடுக்கு வழியாக முன்வரிசையைப் பார்த்தான். தணிக்கை அதிகாரி கையைத் தூக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"நம்ம விதேக்தானே! இருக்கட்டும், இருக்கட்டும். கட்சிக்கும் கொஞ்சம் வேடிக்கை வேண்டாமா?"

ஊரே நாடகம் பார்க்க வந்த அன்று இன்னும் மோசம். அந்த வசனம் வந்ததும் ஜனங்கள் முதலில் அதிகாரியின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் சிரித்த பிறகு சிரித்தார்கள்.

மறுநாள் மத்தியானம் விதேக் நேராக வாத்தியார் வீட்டுக்குப் போனான். அவர் ஒரு பொம்மையின் முழங்காலுக்குக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அவனைத் தடை பண்ணினாங்க. என்னை ஏன் பண்ண மாட்டேங்கிறாங்க?"

"உனக்கு எதுக்கு அது?"

"எல்லாரும் அவனைத்தான் ஆளா மதிக்கிறாங்க. நீங்ககூட அவனுக்குத்தான் சூப் கொண்டுபோறீங்க."

"அவனுக்குப் பசிக்குது" என்றார் வாத்தியார். "சரி, அவன் நாடகத்தைப் பார்த்தியா?"

"இல்லை."

"தணிக்கைக்குப் போட்டப்போ உன்னையும் கூப்பிட்டிருந்தானே?"

"காய்ச்சல்னு சொல்லிட்டேன்." விதேக் தலையைக் குனிந்துகொண்டான். "எங்கே நல்லாப் பண்ணிருவானோன்னு பயம். போதுமா? அப்படி என்னதான் அதுல சொன்னான்? தலைவரைத் திட்டினானா?"

வாத்தியார் கம்பியை முறுக்கினார்.

"அது கிடக்கட்டும். உன் அண்ணன் எங்கே?"

விதேக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"வடக்கே... வேலைக்குப் போயிருக்கான்."

"அது ஊருக்குச் சொல்றது. எனக்குச் சொல்லு."

விதேக் வாயைத் திறந்தான், மூடினான். அந்தக் காலைப்பொழுது கண்முன்னே வந்து நின்றது. பாதி முகம் சவரம் ஆகி, மீதிப் பாதியில் சோப்பு நுரையோடு, கட்சி ஆட்கள் இரண்டு பேர் நடுவே அண்ணன் படியிறங்கிப் போனான். அதோடு சரி, திரும்பவில்லை. விதேக் இதை யாரிடமும் சொன்னதில்லை, பெண்டாட்டியிடம்கூட. இன்றைக்குச் சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது.

"சொல்றேன் ஐயா."

எழுந்தான். ஜன்னல் பக்கம் போய் முற்றத்தை எட்டிப் பார்த்தான். ஜன்னலைச் சாத்திக் கொக்கியும் போட்டான். திரும்பி வந்து நாற்காலியை வாத்தியாருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணனை..."

"கொஞ்சம் இருப்பா." வாத்தியார் பொம்மையை மடியில் வைத்தார். "ரடோவன் தலைவரைத் திட்டவே இல்லை. அவன் நாடகத்துல ஒரு பொம்மை இன்னொரு பொம்மைகிட்ட ஏதோ சொல்ல வாயெடுக்கும். உடனே எழுந்து போய் ஜன்னலைச் சாத்தும். கொக்கி போடும். திரும்பி வந்து நாற்காலியைப் பக்கத்துல இழுத்துப் போட்டுக்கும். அந்த இடத்துலதான் கையைத் தூக்கினாங்க."