வேதமுத்துவுக்குப் பின்னால் இருந்த புத்தகம்

ஒரு பல்கலைக்கழகம். அதில் ஒரு நூலகம். அலமாரிகள் ஏராளம், புள்ளியியலுக்குப் புத்தகம் மட்டும் ஒன்றே ஒன்று.

அங்கே அட்டெண்டர் வேதமுத்து. ஐந்தாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். மாணவர்கள் மேல் அவருக்கு ஆறாத கோபம். நாடகத்தில் ராஜா உட்கார அவருடைய நாற்காலியை வாங்கிப்போய், மூன்று காலோடு திருப்பித் தந்திருந்தார்கள். அன்றுமுதல் அதை அலமாரியில் சாய்த்துத்தான் உட்காருவார். தன் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பது மறந்துபோகும். இது மட்டும் மறக்கவில்லை.

பரீட்சை நெருங்கியது. இந்தமுறையும் தேறாவிட்டால் புள்ளியியல் மாணவன் பூவராகனை அவன் அப்பா செங்கல் சூளைக்கு அனுப்பிவிடுவார்.

"மத்தவன் எடுக்குறதுக்குள்ள அந்தப் புத்தகத்த ஒளிச்சு வைப்போம்டா," என்றான் சிநேகிதன் சகாயம். "வேதமுத்து அண்ணனுக்குப் பின்னாடி அலமாரியில வை. நல்ல தடிமனான அடையாளம்." அவர் தூங்கும்போது அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள்.

நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது வேதமுத்துவுக்கு மேலிடத்து உத்தரவு. வெயில் அடித்ததும் எழுந்திருக்காமல், நாற்காலியோடேயே நண்டுபோல் நகர்ந்து எதிர்ச்சுவர் அலமாரிக்குப் போய்விட்டார்.

மறுநாள் அவருக்குப் பின்னால் மீன் வளர்ப்புப் புத்தகங்கள்தான் இருந்தன.

"அண்ணன் மாறிட்டாரோ?"

"மூஞ்சி அதேதான்டா. அண்ணே, நேத்து மாதிரியே உட்காருங்க."

வேதமுத்து கால்மேல் கால் போட்டார். புத்தகம் வரவில்லை.

"நேத்து தூங்கிட்டிருந்தீங்கண்ணே."

தூங்கியும் பார்த்தார். கடைசியில் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு அலமாரி அலமாரியாக வைத்துப் பார்த்ததில், சாயங்காலம் புத்தகம் அகப்பட்டது.

"இனி உங்க மடியிலேயே இருக்கட்டும். எங்கேன்னு யார் கேட்டாலும் சொல்லாதீங்க," என்றான் பூவராகன்.

"நீங்க கேட்டா?"

இருவரும் யோசித்தார்கள்.

"நம்மள மாதிரியே எவனாவது வந்து கேட்டா?" என்றான் சகாயம்.

"அதானே! எங்ககிட்டயும் சொல்லாதீங்கண்ணே."

பரீட்சையன்று காலையில் ஓடிவந்தார்கள். அவருக்குப் பின்னால் துழாவினார்கள்.

"எங்கேண்ணே?"

"சொல்ல மாட்டேன்."

பூவராகன் காலில் விழுந்தான். "என்னால செங்கல் சுமக்க முடியாதுண்ணே!"

வேதமுத்துவுக்குக் கண் கலங்கியது. இருந்தாலும், படித்த பயல்களுக்கு வாக்கு என்றால் என்னவென்று காட்ட வேண்டாமா? வாயை இறுக மூடிக்கொண்டார்.

மணி அடித்தது.

"நாற்காலிக்கு அடியில பார்த்துடறோம். கொஞ்சம் எழுந்திருங்கண்ணே."

"எழுந்திருக்கக் கூடாது. வேணும்னா தூக்கிப் பாருங்க. இந்தா தம்பி, மடியில இது வழுக்குது, பிடி."

பூவராகன் புத்தகத்தை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டான். இருவருமாகத் தூக்கிக் கீழே குனிந்து பார்த்தார்கள்.

"இங்கேயும் இல்லடா."

அவரை இறக்கி வைத்தார்கள். பூவராகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தாங்கண்ணே உங்க புத்தகம்," என்று பத்திரமாக மடியில் வைத்துவிட்டுப் பரீட்சைக்கு ஓடினான்.

வேதமுத்து புத்தகத்தின் நான்கு மூலையையும் தடவிப் பார்த்தார். ஒரு சேதாரமும் இல்லை. வாங்கிய பொருளை வாங்கியபடியே திருப்பிக் கொடுத்த முதல் மாணவன். அன்றோடு அவர் கோபம் ஆறிவிட்டது.