மூச்சடக்கி நின்றவர்

சற்குணம் அண்ணாச்சிக்கு ஐம்பத்திரண்டு வயது. தென்காசியில் இருபது வருஷம் தையல் கடை வைத்திருந்தவர். அதை மூடிவிட்டு லண்டனுக்கு வந்து, ஆண்களுக்கு அளவெடுத்துக் கோட்டு தைக்கும் பழைய கடையொன்றில் மறுபடி மாணவராகச் சேர்ந்தார். அங்கே துணி வெட்டும் மாஸ்டர் ஸ்டெல்லா, நம்மூர்ப் பக்கத்து நாசரேத்துக்காரி. அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். அதில் அண்ணாச்சிக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய்.

ஆறு மாசம் பார்ப்போம் என்றுதான் எடுத்திருந்தார்கள். கடைசி மாசம் ஒரு கோட்டை முழுசாக அவர் பொறுப்பில் விட்டார் மாஸ்டர். அது தேறினால் வேலை. இல்லையென்றால் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

கோட்டு கேப்டன் ஹார்க்னஸுக்கு. கப்பலில் காலம் தள்ளிய எழுபது வயது மனிதர், மனைவி இறந்துவிட்டாள். ஒரே மகளுக்குக் கல்யாணம். அவளைக் கைபிடித்துச் சர்ச்சுக்குள் கூட்டிப்போக வேண்டும்.

ட்ரயல் பார்க்க வந்தார். வெள்ளை நூலால் லேசாக ஓட்டிய கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் விறைப்பாக நின்றார். அடடா, ஒரு சுருக்கம் இல்லை! அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டார்.

"மாப்பிள்ளை எப்படி?" என்று மாஸ்டர் சும்மா கேட்டு வைத்தார்.

கேப்டன் பேச ஆரம்பித்தார். மாப்பிள்ளையில் தொடங்கிய பேச்சு, இதைப் பார்க்க அவள் அம்மா இல்லையே என்பதில் வந்து நின்றது. அதற்குள் முதுகு வளைந்துவிட்டது. வயிறு முன்னே வந்தது. காலர் கழுத்தை விட்டு இரண்டு விரல் தள்ளி நின்றது, பொத்தான் இழுத்தது.

கேப்டனும் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டார்.

"மன்னிக்கணும். கோட்டுல குறை இல்ல. இந்தக் கிழட்டு உடம்புதான் சரியில்ல. பழைய கோட்டே போதும்" என்று கழற்றிக் கொடுத்தார்.

மாஸ்டர் வாசல்வரை போய் அவரை வழியனுப்பிவிட்டு வந்தார். அண்ணாச்சி கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். தப்பு செய்தது யார், மன்னிப்புக் கேட்டது யார்! அவருக்கு அவமானமாக இருந்தது.

"மாஸ்டர், மூணு தடவை அளந்தேன். நூல் பிசகல. எங்க தப்பு?"

மாஸ்டர் மேசைமேல் கிடந்த டேப்பை எடுத்தார்.

"இங்க வந்து நில்லுங்க அண்ணாச்சி."

நின்றார். மாஸ்டர் டேப்பை அவர் இடுப்பில் சுற்றிப் பிடித்தார். பிடித்தபடியே இருந்தார்.

"அளவைச் சொல்லுங்க மாஸ்டர்."

"என்ன அவசரம்? ஊர்லருந்து மதினி போன் பண்ணாங்களா?"

"நேத்து பண்ணுனா. இங்க எல்லாம் நல்லா போகுதுன்னு சொன்னேன்." மனைவியிடம் சொல்லாமல் விட்டதையும் சொன்னார். "பயமா இருக்குன்னு சொல்லல."

அதைச் சொன்னதும் ஒரு பெருமூச்சு வந்தது. டேப் மாஸ்டரின் விரல்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு ஓடியது. மூன்று இஞ்ச்.

அண்ணாச்சி குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். கேப்டனை அளந்த அன்று அவரும் இப்படித்தான் விறைத்து நின்றார்.

"அப்போ நான் டிக்கெட் போட்டுறட்டுமா?"

மாஸ்டர் டேப்பைச் சுருட்டி அவர் கையில் வைத்தார்.

"கேப்டன நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லிருக்கேன். நீங்கதான் அளக்கணும். முதல்ல டீ குடுங்க அண்ணாச்சி. டேப் அப்புறம்."